வைரஸை உடைத்துப் படித்த காலம்

உளுந்தில் மஞ்சள் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸிடம் இருப்பது இரண்டு டிஎன்ஏ வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். தன்னைப் பெருக்கிக்கொள்ளவும், செடிக்குள் செல்லுக்குச் செல் பரவவும், வெள்ளை ஈயோடு அடுத்த வயலுக்குப் போகவும் வேண்டிய அத்தனையும் அதற்குள் அடக்கம். டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி மட்டும் அதனிடம் இல்லை. அதைச் செடியிடம் இருந்துதான் வாங்கியாக வேண்டும். படியெடுக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது வைரஸின் ‘ரெப்’ என்ற புரதம். 360 அமினோ அமிலம் அளவுள்ள சிறிய புரதம்தான். 1980-களில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்ததில் இருந்து ஓய்வு பெறும்வரை என் வேலை பெரும்பாலும் இந்த ஒரு புரதத்தையும் அதன் கூட்டாளிகளையும் சுற்றியே நடந்தது.

ஒரு புரதம் என்ன செய்கிறது என்று அறிய எங்கள் துறையில் பழகிப்போன வழி, அதைக் கெடுத்துப் பார்ப்பது. மரபணுவில் ஒரு திரிபை உண்டாக்கு, வைரஸைச் செடிக்குள் விடு, எது நின்றுபோகிறது என்று பார். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். வண்டியின் கடையாணியைப் பிடுங்கினால் வண்டி ஓடாது. அதைப் பார்த்துவிட்டு, வண்டியை இழுப்பது கடையாணிதான் என்று எழுதிவிடலாமா? எழுதியவர்கள் உண்டு. அந்தத் தப்பிதம் எங்கெல்லாம் பதுங்கி இருக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலின் பெரும்பாதி.

என் ஆசிரியர் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் வேலை பழகியவர். தாவர வைரஸ் பாடம் எடுக்க வந்தாலும் டி4 ஃபேஜில்தான் தொடங்குவார். ரிச்சர்ட் எப்ஸ்டீன், ராபர்ட் எட்கர் குழுவினர் 1963-இல் வெளியிட்ட வேலையைக் கரும்பலகை முழுக்க வரைவார். ஒருவகைப் பாக்டீரியாவில் வளர்ந்து இன்னொரு வகையில் வளராத ‘ஆம்பர்’ மியூட்டன்ட்கள், அதாவது திரிபு வைரஸ்கள், ஒரு பக்கம். குளிர்ச்சியில் வளர்ந்து, வெப்பத்தைக் கூட்டினால் நின்றுவிடும் ‘டிஎஸ்’ மியூட்டன்ட்கள் இன்னொரு பக்கம். 43-ஆம் மரபணுவில் ஆம்பர் விழுந்தால் டிஎன்ஏ உண்டாவதே இல்லை. 1965-இல் அந்த மரபணுதான் வைரஸின் பாலிமரேஸ் என்று உறுதியானது.

ஆசிரியர் அங்கே நிறுத்தமாட்டார். “இப்பதான் கதையே ஆரம்பம்” என்பார். அதே 43-ஆம் மரபணுவின் டிஎஸ் மியூட்டன்ட்களை, சாகாத வெப்பநிலையில் வளரவிட்டார் ஜோசப் ஸ்பேயர். வைரஸ் வளர்ந்தது. ஆனால் அதன் மற்ற மரபணுக்களில் எழுத்துப் பிழைகள் ஏகத்துக்குக் கூடியிருந்தன. சில ஆண்டுகளில் ஜான் டிரேக் அதே மரபணுவில் நேர்மாறான மியூட்டன்ட்களைக் காட்டினார். அவற்றில் பிழை இயல்பைவிடக் குறைவு. பாலிமரேஸ் வெறுமனே எழுதிக்கொண்டு போவதில்லை, எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தவும் செய்கிறது என்ற எண்ணத்துக்கு இவை வலுச் சேர்த்தன. செத்த ஆம்பர் மியூட்டன்ட் ‘இந்தப் புரதம் வேண்டும்’ என்று மட்டும் சொன்னது. பாதி கெட்டுப் பாதி பிழைத்த மியூட்டன்ட்தான் அது என்ன வேலை செய்கிறது என்று சொன்னது. அன்றைக்கு இதைப் பரீட்சைக்காகத்தான் எழுதி வைத்துக்கொண்டேன்.

எஸ்வி40 என்ற குரங்கு வைரஸில் பீட்டர் டெக்ட்மெயர் 1972-இல் செய்ததையும் அவர் விடமாட்டார். ‘டி ஆன்டிஜென்’ புரதத்தின் டிஎஸ் மியூட்டன்ட்டை முதலில் இயல்பாகப் பெருக விட்டு, நடுவில் வெப்பத்தைக் கூட்டினார்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்த டிஎன்ஏ படிகள் முழுமையடைந்தன. புதிதாக எதுவும் தொடங்கவில்லை. அப்படியானால் அந்தப் புரதம் தொடக்கத்துக்கு வேண்டும் என்று தெளிவானது. திரிபோடு நேரத்தையும் சேர்த்து வைத்துக் கேட்ட கேள்வி அது.

தாவர வைரஸ்காரர்களுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. தட்டில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை வளர்த்து, அதில் வளராததைப் பொறுக்கி எடுப்பது செடியில் நடக்காது. 1983-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் ஜான் ஸ்டான்லி, மரவள்ளி வைரஸின் இரண்டு வளையங்களையும் குளோன் செய்து, அந்தக் குளோன்களைப் பூசினாலே செடிக்கு நோய் வரும் என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது. ஒவ்வொரு மியூட்டன்ட்டையும் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நினைத்த எழுத்தை நினைத்தபடி மாற்றும் முறையைக் கனடாவில் மைக்கேல் ஸ்மித் 1978-லேயே கண்டுபிடித்திருந்தார். அதற்கு வேண்டிய ஆலிகோ என்ற சிறு டிஎன்ஏ துண்டை வெளிநாட்டில் இருந்து வாங்கும் வசதி அப்போது எங்களுக்கு இல்லை. கையில் இருந்தது சில ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகள். ரெப் மரபணுவுக்குள் வெட்டும் நொதி ஒன்றைத் தேடிப்பிடிப்போம். வெட்டிய நுனியில் நான்கு எழுத்து ஒற்றை இழையாகத் தொங்கும். கிளினோவ் நொதியால் அதை நிரப்பி மறுபடி ஒட்டினால் நான்கு எழுத்து கூடிவிடும். மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசை அந்த இடத்தில் இருந்து குலைந்து, கொஞ்ச தூரத்தில் புரதம் அறுந்துவிடும்.

இப்படிச் செய்த மியூட்டன்ட்டை உளுந்துக்குள் ஏற்றுவது ஒரு தனிக் கைவேலை. முளைகட்டிய உளுந்தை எடுத்துத் தோலை நீக்க வேண்டும். விதையிலைக்குக் கீழே வெள்ளையாக நீண்டிருக்கும் தண்டில், இன்சுலின் ஊசியால் சுற்றிலும் மெல்லக் குத்த வேண்டும். ஆழமாகக் குத்தினால் முளை ஒடியும், மேலோட்டமாகக் குத்தினால் ஒன்றும் ஏறாது. வைரஸ் குளோனைச் சுமக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வளர்ந்த கலங்கல் நீரில், அசிட்டோசிரிங்கோனும் சேர்த்து, முளைகளை இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் கழுவி நடுவோம். நல்ல வைரஸாக இருந்தால் இரண்டு வாரம் போல, முதல் மூவிலை விரியும்போதே நரம்போரத்தில் மஞ்சள் புள்ளி தெரியும். அடுத்த இலை பாதிக்கு மேல் மஞ்சளாக வரும். ரெப் உடைந்த வைரஸை ஏற்றிய செடிகள் பச்சைப் பசேலென்று வளர்ந்து பூத்துக் காய்த்தன.

அமெரிக்காவில் எல்மர் குழுவினர் தக்காளி வைரஸ் ஒன்றில் இதையே செய்து 1988-இல் வெளியிட்டிருந்தார்கள். ரெப் இல்லையென்றால் டிஎன்ஏ பெருக்கமே இல்லை. 1990-இல் லிண்டா ஹான்லி-பௌடோயின் இன்னொரு அடி போனார். ரெப் மரபணுவை மட்டும் புகையிலைக்குள் நிரந்தரமாகச் சேர்த்து, அந்தச் செடிக்குள் வைரஸின் இரண்டாம் வளையத்தை விட்டார். ரெப் மரபணு இல்லாத அந்த வளையம் அங்கே பெருகியது. உடைத்துக் காட்டியதைக் கொடுத்தும் காட்டிவிட்டார். வைரஸ் தரப்பில் இன்றியமையாத பெருக்கப் புரதம் ரெப் ஒன்றுதான் என்று அப்போதுதான் அழுத்திச் சொல்ல முடிந்தது.

ஆனால் எல்லா மியூட்டன்ட்டும் இப்படி நேராகப் பேசாது. நோய் வரவில்லை என்பதும் பெருகவில்லை என்பதும் வேறு வேறு. ஒருமுறை, வைரஸின் இன்னொரு மரபணுவான ஏசி2-ஐ உடைத்துப் பார்த்த என் மாணவி ஒருத்தி வாடிய முகத்தோடு வந்து நின்றாள்.

“சார், ஏசி2 மியூட்டன்ட் ஒண்ணுகூட வரல. எல்லாச் செடியும் பச்சையா நிக்குது. அதுவும் ரெப்ளிகேஷனுக்கு வேணும்னு எழுதிரலாமா?”

“லீஃப் டிஸ்க்ல போட்டுப் பாத்தியாம்மா?”

“இன்னும் இல்ல சார்.”

“போட்டுப் பாரு. ஃபிலிம் வந்ததும் பேசுவோம்.”

புகையிலை இலையை வட்ட வட்டமாக வெட்டி அக்ரோபாக்டீரியத்தில் நனைத்து வைத்தால், வைரஸ் எங்கும் பரவ வேண்டியதில்லை. விழுந்த இடத்திலேயே பெருகுகிறதா என்று பார்த்துவிடலாம். அந்தத் துண்டுகளில் இருந்து டிஎன்ஏவைப் பிரித்து, ஜெல்லில் ஓட்டி, சவ்வுக்கு மாற்றி, பி-32 கதிரியக்கம் ஏற்றிய வைரஸ் டிஎன்ஏவைக் கொண்டு தேடுவோம். பி-32-இன் அரை ஆயுள் 14.3 நாள். ஹைதராபாத்தில் இருந்து பார்சல் வரும் தேதியை வைத்துத்தான் ஆய்வகம் முழுக்க வேலைத் திட்டம் போடும். பார்சல் வரும் வாரத்தில் யாரும் ஊருக்குப் போகமாட்டார்கள். சவ்வை எக்ஸ்-ரே ஃபிலிமோடு கேசட்டில் மூடி, மைனஸ் எழுபது ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மின்வெட்டு வராமல் இருக்க வேண்டுமே என்று காத்திருப்போம்.

இருட்டறையில் டெவலப்பரில் இருந்து ஃபிலிமை எடுத்துச் சிவப்பு விளக்கில் பிடித்தால், மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரியும். திறந்த வட்டம், நீள்வடிவம், முறுக்கேறிய வட்டம், எல்லாவற்றுக்கும் கீழே ஒற்றை இழை. முதல் மூன்றும் இரட்டை இழை வடிவங்கள், அதாவது பெருக்கத்தின் நடுக்கட்டங்கள். ஒற்றை இழைதான் வைரஸ் துகளுக்குள் ஏறும் சரக்கு. அந்த மாணவியின் ஃபிலிமில் ஏசி2 மியூட்டன்ட்டுக்கு இரட்டை இழைக் கோடுகள் மூன்றும் கன்னங்கரேலென்று இருந்தன. ஒற்றை இழைக் கோடு மட்டும் மங்கிக் கிடந்தது.

பெருக்கம் நடக்கிறது. ஒற்றை இழைதான் தங்கவில்லை. காரணம் ஏற்கெனவே பிசாரோ குழுவினர் சொல்லியிருந்ததுதான். ஏசி2 ஒரு சுவிட்சுப் புரதம். உறைப்புரத மரபணுவையும், செடிக்குள் பரவ உதவும் மரபணு ஒன்றையும் அதுதான் இயக்கிவிடுகிறது. உறைப்புரதம் இல்லாதபோது ஒற்றை இழையைப் பொதிந்து காக்க ஆள் இல்லை. பரவும் புரதம் இல்லாததால் முழுச் செடியில் நோய் வரவில்லை. ஒரு மரபணுவை உடைத்ததில் இரண்டு மரபணுக்கள் வாயடைத்துப்போயின. பச்சைச் செடியை மட்டும் பார்த்திருந்தால் பெருக்கப் புரதம் என்ற பட்டம் ஏசி2-வுக்குத் தவறாகப் போயிருக்கும்.

ஏசி3 இதற்கு நேர் எதிரான சாது. அதை உடைத்தால் வைரஸ் சாகாது. நோய் பிந்தி வரும், லேசாக வரும். ஃபிலிமில் எல்லாக் கோடுகளும் ஒரே அளவில் மங்கி இருக்கும். இந்த மாதிரி மங்கலை ஆரம்பத்தில் யாரும் மதிப்பதில்லை. ஃபிலிம் சரியாக வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். திரும்பத் திரும்ப அதே அளவு மங்கல் வந்தால்தான் அது செய்தி. ஏசி3 பெருக்கத்தைக் கூட்டிக்கொடுக்கும் புரதம் என்று தெரிந்தது இந்த மங்கல் கோடுகளால்தான். பின்னாளில் அது ரெப்போடும், டிஎன்ஏ படியெடுப்பில் வளையமாக நின்று உதவும் செடியின் பிசிஎன்ஏ புரதத்தோடும் கைகோப்பது கண்டறியப்பட்டது.

செல்களுக்குள் நாங்கள் விடும் பிளாஸ்மிடையே பெருகிய வைரஸ் என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. அதற்கு டிபிஎன்-1 நொதி காவல். ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்ந்த டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் மீத்தைல் முத்திரை இருக்கும், செடியில் புதிதாக உண்டான டிஎன்ஏவில் அது இருக்காது. டிபிஎன்-1 முத்திரை உள்ளதை மட்டும் வெட்டும். வெட்டுப்படாமல் நிற்பதுதான் செடியில் பிறந்தது. ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போனால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பதில் தெரியாதவரிடம் இரண்டாவது கேள்வி கேட்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

குளோனில் இன்னொரு கண்ணி இருக்கிறது. செடிக்குள் வைரஸ் வளையம் தானாக விடுபட வேண்டும் என்பதற்காக, அதை ஒன்றரை மடங்கு நீளமாக வைத்து அனுப்புவோம். மாற்றிய இடம் இரட்டித்த பகுதிக்குள் வந்துவிட்டால், இரண்டு பிரதியிலும் மாற்றியிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால், மாறாத பிரதி விடுபட்டுப் போய்ச் செடியை மஞ்சளாக்கிவிடும். மியூட்டன்ட் நன்றாக வளர்கிறது என்று மகிழ்ச்சியோடு ஒருவர் வரும்போது நாங்கள் முதலில் திறந்து பார்ப்பது அவர் வரைந்த குளோன் வரைபடத்தைத்தான்.

இடநெருக்கடி வேறு. ஏசி4 என்ற மரபணு ரெப் மரபணுவின் வயிற்றுக்குள்ளேயே, ஓர் எழுத்து தள்ளிப் படிக்கும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஃபை-எக்ஸ்174 என்ற ஃபேஜில் ‘டி’ மரபணுவுக்குள் ‘ஈ’ மரபணு இருப்பது 1976-லேயே தெரிந்ததுதான். ரெப்பின் முன்பகுதியில் நாம் செய்யும் மாற்றம் ஏசி4-ஐயும் சேர்த்துக் கெடுத்துவிடும். சில வைரஸ்களில் ஏசி4, செடியின் ஆர்என்ஏ பாதுகாப்பை முறிக்கும் புரதம். அதைக் கெடுத்துவிட்டு, நோய் குறைந்ததற்கு ரெப்பைக் காரணம் காட்டுவது அநியாயம். ஆகவே ஒரு தொடரில் அமினோ அமிலம் மாறி, மற்றதில் மாறாதபடி எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினி வருவதற்கு முன்னால் இதற்குக் கோடு போட்ட தாளில் இரண்டு வரிசையையும் மேலும் கீழும் எழுதி, பென்சிலால் அடித்துத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சில இடங்களில் எந்த எழுத்தை வைத்தாலும் இரண்டும் கெடும். அந்த இடங்களைத் தொடாமல் விட்டுவிடுவோம்.

1990-களில் ஆலிகோ விலை இறங்கியது, பி.சி.ஆர். வந்தது, வேலை தலைகீழாக மாறியது. புரதத்தை நடுவில் அறுப்பதை விட்டுவிட்டு, ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றத் தொடங்கினோம். எங்கே மாற்றுவது என்று காட்டிக்கொடுத்தது 1992-இல் இலியினாவும் யூஜின் கூனினும் எழுதிய கட்டுரை. பாக்டீரிய பிளாஸ்மிட்கள், ஃபேஜ்கள், எங்கள் தாவர வைரஸ்கள் ஆகியவற்றின் தொடக்கப் புரதங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்து, மூன்று சிறு துண்டுகள் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதைக் காட்டினார்கள். மூன்றாவது துண்டில் ஒரு டைரோசின் இருந்தது.

இந்த வைரஸ்கள் எல்லாவற்றின் டிஎன்ஏவிலும் டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி என்ற ஒன்பது எழுத்துத் தொடர் உண்டு. ஏழாவது எழுத்துக்கும் எட்டாவது எழுத்துக்கும் நடுவில் ரெப் ஓர் இழையைக் கீறிவிடுகிறது. கீறிய நுனியில் இருந்து செடியின் பாலிமரேஸ் படியெடுக்கத் தொடங்குகிறது. தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டை வைரஸின் ரெப்பில் 103-ஆவது இடத்தில் இருக்கும் டைரோசினை ஃபினைல்அலனைனாக மாற்றினார்கள் லாஃப்ஸ் குழுவினர். இரண்டுக்கும் வேற்றுமை ஓர் ஆக்சிஜன் அணுதான். வளையம் அதே வளையம், அளவும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த ஓர் அணு போனதும் கீறும் வேலையும் மறுபடி ஒட்டும் வேலையும் நின்றன. டிஎன்ஏவைத் தொட்டு வெட்டும் கை எது என்று 1995-இல் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டுரையின் நகல் எங்கள் நூலகத்துக்கு வந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தேன். அதே ஆண்டில் 227-ஆவது லைசினை மாற்றினால் ஏடிபியை உடைக்கும் திறன் போகிறது என்று இன்னொரு கட்டுரை வந்தது. சிறிய புரதத்துக்குள் வெட்டும் கை ஓரிடம், விசை ஏற்றும் இடம் வேறிடம் என்று வரைபடம் துலங்கத் தொடங்கியது.

இருந்தாலும் என் மனதுக்கு மிக நெருக்கமான மியூட்டன்ட் இவை எதுவும் இல்லை. அது 2000-இல் ஹான்லி-பௌடோயின் குழுவினர் வெளியிட்ட ஒன்று. பெயர் கேஇஇ146. ரெப்பின் 146-ஆவது இடத்தை ஒட்டி மூன்று அமினோ அமிலங்களை மாற்றியிருந்தார்கள். டிஎன்ஏ பெருக்கம் கெடவில்லை. செடியில் நோயும் வந்தது. ஆனால் மஞ்சள் நரம்போரத்தில் மட்டும் நின்றது. இலையின் மற்றப் பகுதி பச்சையாகவே இருந்தது. வெட்டிப் பார்த்தால் வைரஸ் நரம்புத் திசுவுக்கு வெளியே வரவில்லை.

காரணம் இதுதான். முதிர்ந்த இலைச் செல்கள் டிஎன்ஏ படியெடுப்பதை நிறுத்திவிட்டவை. அங்கே பாலிமரேஸ் கூட்டமே வேலைக்கு வருவதில்லை. வரவிடாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கும் புரதங்களில் ஒன்று, மனிதரில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றோடு தொடர்புள்ள புரதத்தின் தாவர உறவு. ரெப் அதைப் பிடித்து விலக்கி, ஓய்ந்த செல்லை மறுபடி டிஎன்ஏ படியெடுக்க வைக்கிறது. கேஇஇ146-க்கு அந்தப் பிடி போய்விட்டது. நரம்புத் திசுவில் மட்டும் அதனால் பெருக முடிகிறது, மற்ற இலைச் செல்களில் கதவு திறக்கவில்லை. ரெப்புக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதைச் செத்த மியூட்டன்ட் ஆயிரம் செய்தாலும் அறிந்திருக்க முடியாது. அந்தச் செல்லுக்குள் எந்தப் பாலிமரேஸ்கள் வந்து வேலை செய்கின்றன என்பதும் 2021-இல்தான் துலங்கியது. ஆல்ஃபாவும் டெல்டாவும்.

வைரஸுக்கும் ஒரு கருத்து உண்டு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த வேலை. மக்காச்சோளக் கீற்று வைரஸில், மேலே சொன்ன கதவுப் புரதத்தைப் பிடிக்கும் பகுதியில் டியோன் ஷெப்பர்ட் குழுவினர் மூன்று எழுத்துகளை மாற்றினார்கள். நோய் குறைந்தது. பிடி போனதால் நோய் குறைந்தது என்று அங்கேயே முடித்திருக்கலாம். அவர்கள் செடியில் இருந்து வைரஸை மறுபடி எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். மூன்றில் ஓர் எழுத்தை வைரஸ் தானாகவே பழையபடி மாற்றிக்கொண்டிருந்தது, அதுவும் செடிக்குச் செடி. நோயின் கடுமை திரும்பியிருந்தது. ஆனால் கதவுப் புரதத்தைப் பிடிக்கும் திறன் திரும்பவில்லை. 2005-இல் வந்த அந்த முடிவு எங்களில் பலரைத் திகைக்க வைத்தது. அந்த எழுத்து புரதத்துக்காக அங்கே இருக்கவில்லை. ஒற்றை இழை டிஎன்ஏ மடிந்துகொள்ளும் விதத்துக்கு அது தேவைப்பட்டிருக்கிறது என்ற விளக்கம் அடுத்த ஆண்டு வந்தது. நாம் புரதத்தைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு டிஎன்ஏவின் உருவத்தைக் கெடுத்துவிடுவது எவ்வளவு எளிது என்று அதற்குப் பிறகு எல்லாக் கருத்தரங்கிலும் பேசினேன்.

ஒரே மாற்றம் எல்லா வைரஸிலும் ஒரே பதிலைத் தரும் என்பதும் இல்லை. கொரோனா வைரஸ்களின் மரபுத்தொடர் 30,000 எழுத்துக்குப் பக்கம். அவ்வளவு நீளத்தைப் பிழையில்லாமல் எழுத, என்எஸ்பி14 என்ற புரதம் திருத்தும் வேலை செய்கிறது. மார்க் டெனிசன் குழுவினர் அந்தத் திருத்தும் பகுதியை எலிக் கொரோனா வைரஸில் கெடுத்தபோது பிழை 15 மடங்கு கூடியது, வைரஸ் பிழைத்தது. 2003-இன் சார்ஸ் வைரஸிலும் பிழைத்தது, பிழை 21 மடங்கு. மெர்ஸ் வைரஸிலும் 2019-இன் புதிய வைரஸிலும் அதே இடத்தைக் கெடுத்தபோது வைரஸ் மீளவே இல்லை என்று 2020-இல் வேறொரு குழுவினர் அறிவித்தார்கள். முதலில் இந்த இரண்டில் வேலையைத் தொடங்கியிருந்தால், அந்தப் புரதம் ‘இன்றியமையாதது’ என்ற ஒற்றைச் சொல்லோடு கதை நின்றிருக்கும். பிழை திருத்தும் வேலையை எண்ணிக்கையோடு காட்டியது, பிழைத்துக்கொண்ட அந்த இரண்டு வைரஸ்கள்தான்.

இந்த வேலையால் விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ரெப் தனியாக வேலை செய்வதில்லை. பல பிரதிகள் ஒன்றாகக் கூடி நின்றுதான் செய்கிறது. கெட்டுப்போன ரெப்பைச் செடியே உற்பத்தி செய்தால், வைரஸின் நல்ல ரெப்போடு அது கூட்டுச் சேர்ந்து முழுக் கூட்டத்தையும் முடக்கிவிடும். கேப் டவுன் குழுவினரே 2007-இல் இந்த வழியில் கீற்று நோயைத் தாங்கும் மக்காச்சோளத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். நம் பக்கம் உளுந்து விவசாயிக்கு இன்றுவரை கைகொடுப்பது வம்பன் போன்ற நிலையங்கள் மரபு முறையில் இனக்கலப்புச் செய்து தரும் தாங்குதிறன் ரகங்கள்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று நான் நினைக்கவில்லை.

இப்போதைய ஆய்வகத்தில் பி-32 பார்சலுக்குக் காத்திருப்பவர் யாரும் இல்லை. இருட்டறையைப் பல இடங்களில் ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டார்கள். வேண்டிய மியூட்டன்ட்டின் எழுத்தை மின்னஞ்சலில் அனுப்பினால், மரபணுவே தயாராகக் குழாயில் வந்து இறங்குகிறது. ரெப்பின் 360 இடங்களிலும் மற்ற 19 அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக வைத்தால் 6,840 மியூட்டன்ட். இவை எல்லாவற்றையும் ஒரே சோதனையில் போட்டுப் பார்க்கும் முறை வந்துவிட்டது. புரதத்தின் மடிப்பை ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் திரையில் காட்டிவிடுகிறது. நாங்கள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருந்த வேலை எல்லாம் போயிற்று, அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆனால் 6,840-லும் செத்தவற்றைச் சிவப்பில் அடித்து, அழகான படமாக்கி, இந்த இடங்கள் முக்கியம் என்று முடித்துவிடும் பழக்கம் கூடிவருகிறது. சிவப்புக் கட்டத்துக்குள் காரணங்கள் பல இருக்கும். புரதம் மடியாமல் போயிருக்கலாம், பக்கத்து மரபணு கெட்டிருக்கலாம், டிஎன்ஏ மடிப்பு குலைந்திருக்கலாம். வெளிர் நிறத்தில் இருக்கும் கட்டங்களை, அரைகுறையாகப் பிழைத்தவற்றை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டி4-இன் டிஎஸ் மியூட்டன்ட்டும், ஏசி3-யும், கேஇஇ146-உம், எலிக் கொரோனா வைரஸும் அந்த வெளிர்க் கட்டத்தைச் சேர்ந்தவை. இந்தத் துறையில் ஒரு புரதத்தின் வேலையைச் சொல்லிக்கொடுத்தவை பெரும்பாலும் அவைதான்.

இந்த வேலைக்குள் வரும் தம்பி தங்கைகளுக்கு மூன்று காரியம் சொல்வேன். கெடுத்த மரபணுவுக்கு நல்ல பிரதியை வெளியில் இருந்து கொடுத்து, வேலை திரும்புகிறதா என்று பாருங்கள். அதே மாற்றத்தை இன்னொரு உறவு வைரஸிலும் செய்து பாருங்கள். எல்லாவற்றையும்விட, செடியில் இருந்து வெளியே வந்த வைரஸை வரிசைப்படுத்தாமல், உள்ளே விட்ட மியூட்டன்ட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.